இடுப்புப் பெட்டிக்குள் ஒரு திருகு

மேடையில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவரின் இடுப்பில் கைக்கடக்கமான பெட்டி ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர். வாங்கும்போது எத்தனை அடி தூரம் எடுக்கும், பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். பல பெட்டிகளின் மூடிக்குள், உள்ளே வரும் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்க, கெயின் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒலி கெடுவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

கிடார் கம்பி அதிரும்போது, அதன் கீழே காந்தத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. காந்தமும் சுருளும் சேர்ந்ததுதான் பிக்கப். ஃபாரடே 1831இல் கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான். ஒரு கம்பியை மெல்லத் தொட்டால் சில மில்லிவோல்ட். ஆறையும் சேர்த்து ஓங்கி அடித்தால், வலுவான பிக்கப்பில் 1 வோல்ட்டைக்கூடத் தொடும். ஒரே பாட்டுக்குள் நூறு மடங்கு ஏற்றத்தாழ்வு, அதாவது 40 டெசிபல்.

இதை வானில் அனுப்புவதில்தான் சிக்கல். அனலாக் கருவிகள் எஃப்.எம். முறையில் இயங்குபவை. ஒலி வலுக்க வலுக்க அலையின் அதிர்வெண் கூடுதலாக விலகும். அந்த விலகலுக்கு எல்லை உண்டு. எல்லைக்குள் எல்லாவற்றையும் அடைத்தால் மெல்லிய ஸ்வரங்கள் இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் கம்பேண்டர் என்ற சுற்றைச் சேர்த்தார்கள். பஞ்சு மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றி, போன இடத்தில் விரிப்பது மாதிரிதான். டிரான்ஸ்மிட்டர் 80 டெசிபலை 40 ஆகச் சுருக்கும், ரிசீவர் மீண்டும் 80 ஆக விரிக்கும். திருகைக் குறைவாக வைத்தால், ஒவ்வொரு ஸ்வரத்தோடும் ஒட்டிக்கொண்டு ‘புஸ்’ என்ற இரைச்சல் எழுந்து அடங்கும். அதிகமாக வைத்தால் அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்டதை அதற்குப் பிறகு வரும் எந்தக் கருவியாலும் ஒட்ட முடியாது.

விரும்பியே ஒலிக்குச் சாயம் ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. 1976 டிசம்பரில் ஃபுளோரிடாவின் லேக்லேண்ட் மேடையில் கிஸ் ராக் குழுவின் கிடார் கலைஞர் ஏஸ் ஃப்ரேலி மின்னதிர்ச்சிக்கு ஆளானார். அதன் பிறகு அந்தக் குழு கென் ஷாஃபர் உருவாக்கிய வயர்லெஸ் கருவிக்கு மாறியது. ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் கையிலும் அது வந்து சேர்ந்தது. அதன் கம்பேண்டரும் தூக்கலான வெளியீடும் ஆம்ப்ளிஃபயரை உசுப்பிய விதம் அவருக்குப் பிடித்துப்போய், கேபிளே போதுமான ஒலிப்பதிவுக் கூடத்திலும் அதை வைத்து வாசித்தார். இன்று அந்தச் சுற்றை மட்டும் நகலெடுத்து, வயர்லெஸ்ஸே இல்லாத பெட்டிகளாக விற்கிறார்கள்!

டிஜிட்டல் கருவிகளில் கம்பேண்டர் தேவையில்லை. 24 பிட் என்றால், பிட்டுக்கு 6 டெசிபல் வீதம், ஏட்டளவில் 144 டெசிபல் இடம். உச்சத்துக்குக் கீழே 10, 12 டெசிபல் விட்டுவைத்தாலும் நஷ்டமில்லை. ஆனால் உச்சத்தைத் தாண்டினால் குறிக்க எண்ணே கிடையாது. அனலாக்கைவிடக் கொடூரமாக வெட்டும். கொஞ்சம் குறைவாகவே வைக்கலாம் என்பது என் கட்சி.

சரிபார்க்கும்போது கிடாரின் வால்யூமை முழுதும் திறந்து, கச்சேரியிலேயே மிக ஓங்கி வாசிக்கும் பகுதியை வாசிக்க வேண்டும். காலி அரங்கில் எல்லாரும் மென்மையாகத்தான் வாசிப்பார்கள். கைதட்டல் விழுந்ததும் கை தானாக ஓங்கும். ஒலி உச்சத்தைத் தொடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மின்னினால், அது மின்னாத அளவுக்குத் திருகைக் குறைக்கலாம். ரிசீவரில் இரண்டு வகை விளக்குகள் உண்டு: ஒன்று ரேடியோ அலையின் பலத்தைக் காட்டுவது, இன்னொன்று ஒலியின் அளவைக் காட்டுவது. முதலாவதைப் பார்த்துவிட்டுக் கெயினைத் திருகுபவர்கள் ஏராளம்.

அடுத்தது ரிசீவரின் வெளியீடு. கேபிளில் வாசித்து, பிறகு வயர்லெஸ்ஸில் வாசித்து, இரண்டும் ஒரே சத்தத்தில் கேட்கும்வரை மாற்ற வேண்டும். 6 டெசிபல் கூடினாலே மின்னழுத்தம் இரட்டிப்பாகும். டிஸ்டார்ஷன் பெடல் வேறு குரலில் பேசத் தொடங்கிவிடும்.

அளவு சரியான பிறகும் வயர்லெஸ் சற்றுக் கூர்மையாகக் கேட்கலாம். கிடார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் உண்டு. 6 மீட்டர் கேபிள் பிக்கப்பின் உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்கிவிடும். காற்றில் போகும்போது அந்த மழுக்கம் இல்லை. இதற்குக் கெயினைக் குறைப்பது வீண். சில ரிசீவர்களில் கேபிள் டோன் என்று தனியே ஒரு தேர்வு இருக்கிறது. இல்லாவிட்டால் கிடாரின் டோன் குமிழைச் சற்று இறக்கினால் போதும்.