ஜிக்சா ரம்பம்: மரவேலைக்குத் தேர்ந்தெடுத்தல்

ஜிக்சா என்பது குறுகிய பிளேடு ஒன்றை மேலும் கீழுமாக வேகமாக இயக்கி மரம், பிளைவுட், பிளாஸ்டிக், மெல்லிய உலோகத் தகடு ஆகியவற்றை அறுக்கும் கைமின்கருவி ஆகும். தமிழ்நாட்டுத் தச்சுப் பட்டறைகளில் இது ஜிக்சா மிஷின் என்றே வழங்குகிறது. வளைவாக அறுப்பதும், பலகையின் ஓரத்தைத் தொடாமல் நடுவில் திறப்பு வெட்டுவதும் இதன் தனிச்சிறப்பு. ஒலிபெருக்கிப் பெட்டியில் வட்டம் திறப்பது, சுவிட்ச் பெட்டிக்கு இடம் விடுவது, நாற்காலிச் சாய்மானத்துக்கு வளைவு எடுப்பது, பெயர்ப்பலகை எழுத்துகளை வெட்டுவது போன்ற வேலைகளுக்கு இது ஏற்றது. படத்துண்டுகளை இணைக்கும் புதிருக்கு ஜிக்சா என்ற பெயர் வந்ததும் அதை அறுக்கப் பயன்பட்ட ரம்பத்தினால்தான்.

வரலாறு

கையில் பிடித்து இயக்கும் மின் ஜிக்சாவை 1946ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சின்டில்லா நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன் உருவாக்கினார். தையல் இயந்திரத்தில் ஊசி இருந்த இடத்தில் ரம்பப் பிளேடைப் பொருத்திப் பார்த்ததிலிருந்து இந்த எண்ணம் பிறந்தது என்று கூறப்படுகிறது. 1947இல் இக்கருவி லெஸ்டோ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னர், 1950களில் சின்டில்லா நிறுவனம் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் வசமானது.

இயங்கும் முறை

மோட்டாரின் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாகக் குறைக்கப்பட்டு, மையம் விலகிய ஒரு முளையால் மேல்கீழ் அசைவாக மாற்றப்படுகிறது. பிளேடு ஒருமுறை நகரும் தொலைவு வீச்சு எனப்படும். பெரும்பாலான கருவிகளில் இது 18 முதல் 26 மில்லிமீட்டர் வரை இருக்கும். வீச்சு நீளமானால் ஒவ்வோர் அசைவிலும் கூடுதல் பற்கள் வேலை செய்யும், மரத்தூளும் நன்றாக வெளியேறும். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முதல் 3,000 வீச்சுகள் வரை அமையும்.

பிளேடின் மேல்முனை மட்டுமே கருவியில் பிடிபட்டிருக்கிறது, கீழ்முனைக்குப் பிடிமானம் இல்லை. ஜிக்சாவின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கின்றன. குறுகிய பிளேடு எளிதில் திரும்புவதால் வளைவு அறுக்க முடிகிறது. அதே காரணத்தால் தடித்த மரத்தில் பிளேடின் கீழ்ப்பகுதி வளைந்து ஒதுங்கிவிடுகிறது. மேற்பரப்பில் கோட்டின்மேல் சரியாகச் சென்ற வெட்டு, பலகையைத் திருப்பிப் பார்த்தால் சில மில்லிமீட்டர் விலகியிருக்கும். இதைக் கருவியின் பழுது என்று நினைத்து வேறு கருவி வாங்குவோர் உண்டு.

வேலையை முதலில் தீர்மானித்தல்

நீளமான நேர்வெட்டுகளே முக்கியத் தேவை என்றால் வட்ட ரம்பம் பொருத்தமானது. தடித்த மரத்தில் துல்லியமான வளைவுகள் தேவை என்றால் பட்டை ரம்பம் வேண்டும். 18 அல்லது 19 மில்லிமீட்டர் பிளைவுட், 25 மில்லிமீட்டர் வரையிலான மரப்பலகை ஆகியவற்றில் வளைவும் உட்திறப்பும் வெட்டுவதற்கு ஜிக்சா போதும். சில கருவிகளின் பெட்டியில் மரத்தில் 65 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேலான வெட்டு ஆழம் குறிக்கப்பட்டிருக்கும். அது கருவியால் அறுக்க இயலும் உச்ச அளவு. அந்த ஆழத்தில் வெட்டு செங்குத்தாக அமையும் என்பது அதன் பொருள் அன்று.

கருவியில் கவனிக்க வேண்டியவை

திறன்: 400 முதல் 800 வாட் வரையிலான கருவிகள் பொதுவாகக் கிடைக்கின்றன. வீட்டுவேலைக்கும் கற்பவர்க்கும் 500 வாட் அளவு போதும். தேக்கு, பலா போன்ற மரங்களில் நாள்தோறும் வேலை செய்பவருக்குக் கூடுதல் திறன் உதவும்.

வேகக் கட்டுப்பாடு: மென்மையான மரத்துக்கு அதிக வேகமும், உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் குறைந்த வேகமும் தேவை. அதிக வேகத்தில் பிளாஸ்டிக் உருகி வெட்டுத்தடத்திலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். எனவே ஒரே வேகத்தில் மட்டும் ஓடும் கருவியைத் தவிர்ப்பது நல்லது.

முன்பின் அசைவு: பல கருவிகளில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு நெம்புகோல் இருக்கும். 0இல் பிளேடு மேலும் கீழும் மட்டும் அசையும். எண் கூடக்கூட, பிளேடு மேலே வரும்போது முன்னோக்கித் தள்ளி அறுத்து, கீழே இறங்கும்போது பின்வாங்கும். இதனால் வேகம் கூடும், ஆனால் வெட்டு சொரசொரப்பாகும். இறுக்கமான வளைவு, மைக்கா ஒட்டிய பலகை, உலோகம் ஆகியவற்றுக்கு 0 ஏற்றது. தடித்த மரத்தை விரைவாகத் துண்டாக்க 2 அல்லது 3 பயன்படும்.

அடித்தகடும் உருளையும்: கருவி பலகைமேல் அமரும் அடித்தகடு தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். மெல்லிய தகடு கீழே விழுந்தால் வளைந்துவிடும். பிறகு எந்த வெட்டும் செங்குத்தாக வராது. சாய்வு வெட்டுக்காகப் பல கருவிகளின் தகடு இருபுறமும் 45 பாகை வரை திரும்பும். அதைத் திருகிய பின் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளேடின் முதுகைத் தாங்கும் சிறு உருளை ஆட்டமின்றிச் சுழல வேண்டும், ஏனெனில் பிளேடு விலகாமல் காப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

கைப்பிடி: மேலே வளைந்த பிடியுடைய வகை புதியவருக்கு எளிது. உடலையே பிடிக்கும் உருளை வகையில் கை பலகைக்கு நெருக்கமாக இருப்பதால் வளைவுகளில் கட்டுப்பாடு கூடும்.

மின்சாரம்: இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து கொண்டுவரப்படும் 100 முதல் 120 வோல்ட் கருவியை நேரடியாக இணைத்தால் மோட்டார் எரிந்துவிடும். மின்கலக் கருவிகளில் 18 வோல்ட் வகை பரவலானது. ஏற்கெனவே அதே நிறுவனத்தின் துளையிடும் கருவி வைத்திருப்பவர் அதன் மின்கலத்தையே பொருத்த இயலுமா என்று பார்த்தால் செலவு குறையும்.

பிளேடு

வெட்டின் தரத்தைக் கருவியைவிட அதிகமாகத் தீர்மானிப்பது பிளேடே. குறைந்த விலைக் கருவியில் நல்ல பிளேடு தரும் வெட்டை, விலையுயர்ந்த கருவியில் மழுங்கிய பிளேடு தராது. பிளேடின் காம்பு டி வடிவிலும் யு வடிவிலும் வருகிறது. இன்று டி வடிவமே பரவலானது, எளிதில் கிடைப்பதும் அதுவே. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் சாவியின்றிப் பிளேடை மாற்றலாம்.

ஓர் அங்குலத்துக்கு 6 பற்கள் உள்ள பிளேடு விரைவாக அறுக்கும், ஓரம் கரடுமுரடாகும். 10 பற்கள் பிளைவுட்டுக்கும் பொதுவேலைக்கும் நடுத்தரமானது. 12 முதல் 20 பற்கள் மெல்லிய பலகைக்கும் சுத்தமான ஓரத்துக்கும் உரியவை. வளைவுக்குரிய பிளேடு அகலம் குறைந்தது, நேர்வெட்டுக்குரியது அகலமானது. கார்பன் எஃகு பிளேடு மரத்துக்குப் போதும். இருவகை உலோகம் சேர்ந்த பிளேடு எளிதில் ஒடியாது, நெடுநாள் உழைக்கும். ஆணி இருக்கக்கூடிய பழைய மரத்துக்கு அதுவே பொருத்தம்.

சாதாரணப் பிளேடின் பற்கள் மேல்நோக்கி இருப்பதால், பலகையின் மேற்பரப்பில்தான் சிலாம்பு பெயரும். ஆகவே அழகுமுகம் கீழே இருக்கும்படி பலகையைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் கோடு வரைந்து அறுப்பது வழக்கம். கவிழ்க்க முடியாத இடத்தில் கீழ்நோக்கிய பற்கள் கொண்ட பிளேடு பயன்படும். அது கருவியை மேலே தள்ள முயலும் என்பதால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பாதுகாப்பு

ஜிக்சா சிறியது என்பதால் அச்சம் குறைகிறது, விபத்துக்கு அதுவே வழியாகிறது. பிளேடு பலகைக்குக் கீழே வெளியே நீண்டு ஓடுவதால், பலகையை அடியில் கைவைத்துத் தாங்குவது மிகவும் ஆபத்தானது. பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, வெட்டுக்கோட்டின் கீழே மேசையோ மின்கம்பியோ இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கண்ணாடியும் தூசி முகமூடியும் அணிய வேண்டும். தொங்கும் ஆடையைத் தவிர்க்க வேண்டும். பிளேடு மாற்றும் முன் மின்செருகியைக் கழற்றவும், மின்கலக் கருவியாயின் மின்கலத்தை எடுக்கவும் வேண்டும். அறுத்து முடிந்ததும் பிளேடு சூடாக இருக்கும், உடனே தொடக்கூடாது. உட்திறப்பு வெட்ட, முதலில் மூலையில் துளையிட்டு அதில் பிளேடை இறக்குவதே புதியவருக்குப் பாதுகாப்பானது.

வாங்கும் முன் சோதனை

கடையில் இயலுமானால் ஒரு துண்டுப் பலகையை அறுத்துப் பார்க்க வேண்டும். கருவி கையில் அதிகம் நடுங்குகிறதா, ஊதும் காற்று தூளை விலக்கிக் கோட்டைக் காட்டுகிறதா, வெட்டிய ஓரத்தில் மூலைமட்டம் வைத்தால் ஒளி தெரிகிறதா என்று கவனிக்கலாம். பழுது நீக்கும் இடமும் கார்பன் பிரஷ் போன்ற உதிரிகளும் அருகில் கிடைப்பது மிகையான வாட் எண்ணைவிடப் பயன் தரும். வாங்கும் தொகையில் ஒரு பங்கை நல்ல பிளேடுகளுக்கும் இரண்டு கிளாம்ப்களுக்கும் ஒதுக்கிய பின், மீதமுள்ளதற்கு ஏற்ற கருவியைத் தேர்வதே சரியான வரிசை.