ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுத் தூங்கும் வீடு

இரவு பத்தரை மணி. சென்னைப் புறநகரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷன். அரைத்து வைத்த மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்து, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் இறக்கி வைத்துவிட்டு, அந்த அக்கா ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்தார். "காலையில அஞ்சு மணிக்குப் போட்டுடுவேன் தம்பி. ராத்திரி பூரா எதுக்கு ஓடணும்? யூனிட்டு ஒம்பது ரூவா" என்றார்.

வீட்டில் ஏசி இல்லை, கீசர் இல்லை. இரண்டு ஃபேன், ஒரு டிவி, சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, தையல் மெஷினில் மாட்டிய சின்ன மோட்டார். அவ்வளவுதான். மெஷின் மேல் இருந்த கோடு போட்ட நோட்டில், மாதம் ஒரு வரியாகக் கணக்கு எழுதியிருந்தார்: போன ரீடிங், இந்த ரீடிங், வித்தியாசம் 75, பெருக்கல் 9, மொத்தம் 675.

கோடை வந்துவிட்டது, ஏசிக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு எழுதச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் இந்த நோட்டைப் பார்த்த பிறகு, ஏசிக்காரர்களின் கணக்கு எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

மறுநாள் காலை, மாடிப்படிக்கு அடியில் இருந்த அவருடைய சப்-மீட்டருக்கு முன்னால் நானும் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளும் நின்றோம். மீட்டரின் முகத்தில் 3200 என்று அச்சிட்டிருந்தது. அதிலுள்ள சிவப்பு விளக்கு 3200 முறை கண்சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். எல்லா மீட்டரிலும் இதே எண் இருக்காது. உங்கள் மீட்டரில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜை மட்டும் ஓடவிட்டோம். செல்போனில் ஒரு நிமிடம் வைத்து அந்தப் பெண் எண்ணினாள். ஐந்து. மணிக்கு 300 சிமிட்டல். 3200-ஆல் வகுத்தால், கம்ப்ரஸர் ஓடும் ஒரு மணி நேரத்துக்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. குளிர் ஏறியதும் கம்ப்ரஸர் நின்றுவிடும், விளக்கும் சிமிட்டுவதை நிறுத்திவிடும். ஆறரை மணி நேரம் அணைத்து வைத்தால் அரை யூனிட் மிச்சமாவதே கஷ்டம். அதிலும் ஒரு பகுதியை, காலையில் சூடேறிக் கிடக்கும் ஃப்ரிட்ஜ் மறுபடி குளிர்வதற்காக எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று ரூபாய்க்காக மாவு புளிக்கிறது, பால் திரிகிறது.

அந்த வீட்டில் அதிகம் இழுப்பது ஃபேன்தான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 90. அதே வேகத்தில் சுற்றும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள் முடிந்துவிடும். 36 யூனிட் போதும். இதைச் சொன்னதும் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "அது மூவாயிரம் ரூவா ஆகுமே?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி ஏசி. ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டு மின்செலவு என்று ஓர் எண் இருக்கும். அது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. உங்கள் லேபிளில் 960 யூனிட் என்று இருந்தால் 1600-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: மணிக்கு 0.6 யூனிட். இரவு எட்டு மணி நேரம் என்றால் 4.8. அறுபது இரவுக்கு 288 யூனிட். சித்திரை வெயிலில் 22 டிகிரியில் வைத்தால் இன்னும் கூடும்.

இதுவரை சுலபம். பலர் சறுக்குவது ரூபாயாக மாற்றும் இடத்தில். இரண்டு மாத பில்லை யூனிட்டால் வகுத்து, வரும் சராசரியை ஏசிக்குப் போடுகிறார்கள். அது தப்பு. ஃபேனும் ஃப்ரிட்ஜும் எப்படியும் ஓடத்தான் போகின்றன. இலவச யூனிட்டும் மலிவான யூனிட்டும் அவற்றுக்கே போய்விடும். புதிதாக வரும் சாதனம் நிற்பது மேல் படியில். அந்தப் படியின் விலைதான் அதன் விலை.

2024 ஜூலைக் கட்டணப்படி பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.35, 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. மானியம் கழித்து மக்கள் கையிலிருந்து போகும் தொகை இது. 501-ஐத் தொட்டால் அந்த 2.35 படியே காணாமல் போய்விடும், 101-லிருந்தே 4.70. 500-க்கு மேல் 8.40, 600-க்கு மேல் 9.45. ஆக, 500 யூனிட்டில் நின்ற வீட்டுக்கு 1,805 ரூபாய். 501-க்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு! ரீடிங் எடுக்கும் வாரத்தில் மீட்டரை எட்டிப் பார்க்கும் பழக்கம் இதற்காகவாவது வேண்டும்.

ஏசி இல்லாமல் 340 யூனிட் ஆகும் வீட்டுக்கு பில் 893 ரூபாய். அந்த 288 சேர்ந்து 628 ஆனால் 3,144 ரூபாய் 60 காசு. ஏசிக்கு மட்டும் 2,251 ரூபாய் 60 காசு, ஓர் இரவுக்கு 37 ரூபாய் சொச்சம். சராசரி போட்டிருந்தால் யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்றுதான் வந்திருக்கும். உண்மையில் ஏசியின் ஒவ்வொரு யூனிட்டும் ஏழே முக்கால் ரூபாயைத் தாண்டுகிறது.

இப்போது அக்காவிடம் திரும்பி வருவோம். மாதம் 75, இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். அவருக்கென்று தனி ஈபி மீட்டர் இருந்தால் 100 இலவசம் போக மீதி ஐம்பதுக்கு 117 ரூபாய் 50 காசு கட்டினால் போதும். வாடகைக்கு இருக்கும் அவர் வீட்டுக்காரரிடம் கட்டுவது 1,350. 2016 மே மாதம் வந்த நூறு யூனிட் இலவசம் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் வீட்டு வாசலுக்குள் வரவில்லை. படிப்படியான கட்டணம் என்று எதுவுமே அவருக்கு இல்லை. முதல் யூனிட்டும் ஒன்பது, கடைசி யூனிட்டும் ஒன்பது. ஃப்ரிட்ஜை அணைக்கிற கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தப்பு அவர் போட்ட கணக்கில் இல்லை, அவருக்குக் கொடுத்த விலையில் இருக்கிறது.

ஒரு வீட்டில் வீட்டுக்காரருடையதையும் சேர்த்து நான்கு போர்ஷன், ஆளுக்கு 150 என்றால் மொத்தம் 600 யூனிட். நான்கு இணைப்பாக இருந்தால் நான்கு பேருக்கும் சேர்த்து 470 ரூபாய். ஒரே இணைப்பு என்றால் 2,880. மூன்று வாடகைதாரர்களிடம் ஒன்பது ரூபாய் வீதம் வாங்கினால் 4,050. முழு பில்லையும் கட்டிய பிறகும் 1,170 ரூபாய் மிஞ்சுகிறது, வீட்டுக்காரரின் கரண்டும் இலவசமாகிவிடுகிறது.

வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. வாடகைதாரரின் யூனிட் சேர்வதால்தான் தன் பில் மேல் படிக்கு ஏறுகிறது, மோட்டாரும் மாடிப்படி விளக்கும் யார் கணக்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சரிதான். அந்தச் செலவைத் தனியாக எழுதி வாங்கட்டும். யூனிட் விலைக்குள் ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியும்?

திருமணமான புதிதில் நானும் அப்படியொரு போர்ஷனில் இருந்தேன். யூனிட் எட்டு ரூபாய். பில்லைக் காட்டுங்கள் என்று கேட்கத் தயங்கித் தயங்கியே மூன்று வருடம் ஓடியது. காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அக்காவும் அதையேதான் சொன்னார்: "கேட்டா வேற வீடு பாத்துக்கோன்னுடுவாங்க. பொண்ணு ஸ்கூலு பக்கத்துல இருக்கு."

வழி இல்லாமல் இல்லை. டெல்லியில் 2019-ல் வாடகைதாரர்களுக்கென்றே ப்ரீபெய்ட் மீட்டர் திட்டம் வந்தது; வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித் தன் பெயரில் மீட்டர் வாங்கினால், மானியம் நேராக அவருக்கே போய்ச் சேரும். இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சேராத சலுகையை எல்லா வீட்டுக்குமான சலுகை என்று எப்படிச் சொல்வது?

அதுவரை வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தனித்தனிச் சமையலறையோடு இருக்கும் போர்ஷன்களுக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பியுங்கள். அது முடியாதவர்கள் ஈபி பில்லை மாடிப்படி அடியில், சப்-மீட்டர்களுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வருவதை மட்டும் வாங்குங்கள். அந்த 600 யூனிட் வீட்டில் அது நான்கு ரூபாய் எண்பது காசு.