நகையும் நன்றியும்

பழைய கலையொன்றைக் கண்டு நகைப்பது எளிது. அதனைப் போற்றுவதும் எளிது. இரண்டையும் ஒருங்கே ஆற்றுதலே அரிது. அவ்வரிய செயலை முடித்துக் காட்டிய தொலைக்காட்சிக் கதையொன்றைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். அமெரிக்க நாட்டில் 1995 முதல் 2001 வரை ஒளிபரப்பப்பெற்ற 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' என்னும் தொடரில், 1999 ஜனவரித் திங்களில் வெளிவந்த 'கேயோட்டிகாவின் மணமகள்' என்பதே அக்கதை.

இதன் சுவையை உணர வேண்டின், இது எதனைப் பின்பற்றி நகையாடுகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1930-களில் அமெரிக்கத் திரையரங்குகளில், வாரத்திற்கு ஒரு பகுதியாகத் தொடர்படங்கள் காட்டப்பெற்றன. ஒரு பகுதி ஏறத்தாழ 20 நிமிட அளவினது. அது முடியுங்கால் கதைத்தலைவன் சாவின் வாயிலில் நிற்பான். அவன் பிழைத்தானா என்றறிய அடுத்த வாரமும் சீட்டு வாங்குதல் வேண்டும். விண்வெளிக் கதைகளுள் பெரும்புகழ் எய்தியது, யூனிவர்சல் நிறுவனத்தார் 1936-இல் 13 பகுதிகளாக வெளியிட்ட 'ஃபிளாஷ் கார்டன்' ஆகும். அதில் பஸ்டர் கிராப் தலைவனாகவும், சார்லஸ் மிடில்டன் மிங் என்னும் கொடுங்கோலனாகவும் நடித்தனர். 1938-லும் 1940-லும் அதன் தொடர்ச்சிகள் வந்தன. 1939-இல் அதே கிராப் 'பக் ராஜர்ஸ்' என்னும் வீரனாகவும் தோன்றினார்.

இப்படங்களை எடுத்தோர்க்குப் பொருளும் காலமும் குறைவு. ஆதலின் வேறு படங்களுக்கென எழுப்பிய அரங்குகளையும், அமைத்த இசையையும் மீண்டும் எடுத்தாண்டனர். கம்பியிற் கட்டித் தொங்கவிட்ட சிறு பொம்மைகளே விண்கப்பல்கள். காற்றற்ற வெளியிற் செல்வதாகக் கூறப்படும் அவற்றின் வாற்புகை, அடுப்புப் புகைபோல் மேனோக்கி எழும்! ஆயினும், சிறுவர் அவற்றை இமையாது நோக்கினர்.

இனி வாயேஜர் கதைக்கு வருவோம். 24-ஆம் நூற்றாண்டில் நெடுந்தொலைவிற் சிக்கிய விண்கப்பல் அது. அதன் மாலுமி டாம் பாரிஸ், ஒளியால் உருவங்களைத் தோற்றுவிக்கும் அறையொன்றில், பழந்தொடர்படங்களைப் போன்ற கதையை அமைத்துத் தன்னைக் 'கேப்டன் புரோட்டான்' எனப் பாவித்து விளையாடுவான். அக்காட்சிகள் முழுதும் கறுப்பு வெள்ளையிலேயே அமைந்துள்ளன. தகர உடல் தாங்கிய இயந்திர மனிதனும், அலறுதலே தொழிலாகக் கொண்ட துணைவியும், உலகை ஆள விழையும் கேயோட்டிகா என்னும் தீயோனும் அங்குளர். முன்பு கண்ட குகையே வேறொரு கோளிலும் தோன்றக் கண்டு தோழன் வியக்க, அரங்கமைக்கும் செலவைக் குறைக்கும் பழைய வழக்கம் அதுவென்று பாரிஸ் விளக்கும் இடம் நகைப்பிற்குரியது.

ஒரு நாள் வேற்றுலகத்து உயிர்கள் அவ்வறையினுள் நுழைகின்றன. அவை ஒளியாலாய உயிர்கள். ஆதலின், ஒளியுருவங்களையே மெய்யென்றும், ஊனும் உதிரமும் உடைய மாந்தரைப் பொய்யென்றும் கொள்கின்றன. கேயோட்டிகாவோ அவற்றைப் பகைவரெனக் கருதிப் போர் தொடுக்கின்றான். விளையாட்டுப் போரில் உண்மை உயிர்கள் மாய்கின்றன. கப்பலும் நகர மாட்டாது நிற்கின்றது. கதையினுள் புகுந்து கதையின் முறைப்படியே தீயோனை வெல்லுதலன்றி வேறு வழியில்லை. ஒளியுருவினனாகிய மருத்துவன் உலகத் தலைவனாக வேடம் பூண்டு தூது செல்கின்றான். கப்பல் தலைவி ஜேன்வே, சிலந்தி மக்களின் அரசி அராக்னியாவாகிக் கேயோட்டிகாவை மணக்க இசைவாள்போல் நடித்து, அவனுடைய கோட்டையினுட் புகுகின்றாள். முதலில் தயங்கிய அவள், பின்னர்ப் பெருமிதத்தோடு சொல்லாடும் காட்சியில் கேட் மல்குரு என்னும் நடிகையார் வெளிப்படுத்தும் களிப்பு, காண்போரையும் பற்றிக்கொள்கின்றது.

நகை தோன்றும் நிலைக்களன்களுள் எள்ளலையும் இளமையையும் தொல்காப்பியர் வேறாக எண்ணினார். இக்கதையின் நகை எள்ளலை ஒரோவழித் தழுவினும், பெரிதும் இளமையின்பாற் பட்டதென்பது நம் கருத்து. பழந்தொடர்களின் ஏழ்மையை இது நகைக்கின்றது. ஆனால் அவற்றின் ஆர்வத்தை நகைக்கவில்லை. நகைத்தற்கன்றி நீக்குதற்கே உரிய குறைகளும் அவற்றிற்கு உண்டு. கீழை ஆசிய மக்களைக் கொடியோராகக் காட்டிய இழிந்த வழக்கத்தின் சாயல் மிங்கின் உருவிற் படிந்திருந்தது. கேயோட்டிகாவிடம் அம்முகச் சாயல் இல்லை. பழங்கதைகளில் பெண்டிர் பெரும்பாலும் காக்கப்படுவோராயினர்; இங்கோ வெற்றிக்கு வழிதிறப்பவள் தலைவியே. கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளுதலே முன்னோர்க்குச் செய்யும் நேரிய நன்றியாகும்.

இக்கதையின் அமைப்பே ஓர் உண்மையை உணர்த்துகின்றது. வெளியே நின்று நகைத்துக்கொண்டிருந்தால் கப்பல் விடுபடாது. பழங்கதையினுட் புகுந்து, அதன் மொழியைத் தம் மொழியாக்கி, முழு மனத்தோடு நடித்தவர்க்கே வழி பிறந்தது. நம்மினும் எளிய கருவிகளைக் கொண்டு பெருங்கனவு கண்டோரின் படைப்புக்களை அணுகுங்கால், நாமும் முதலில் உள்ளே புகுவோமாக; நகைத்தல் வேண்டின், அதன்பின் நகைப்போமாக.