வர்க்கமூலமா? வீட்டிலேயே சொல்லித் தரலாம்!

மும்பை தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மாலை நேரத்தில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளை படிப்பது மராத்தியில் அல்லது இந்தியில். தகப்பனாரோ ஊரில் தமிழில் படித்தவர். பிள்ளை கணக்கு நோட்டை நீட்டினால், "டியூஷன் டீச்சரிடம் கேள்" என்று ஒதுங்கி விடுவார்.

நடுநிலைப்பள்ளியில் வரும் வர்க்கமூலக் கணக்குக்கு அப்படி ஒதுங்கத் தேவையில்லை. தமிழில் வர்க்கமூலம் என்பதே இந்தியில் "வர்க்மூல்", மராத்தியில் "வர்க்மூள்". சொல்லிலேயே உறவு இருக்கிறது!

புளியங்கொட்டை போதும்

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பது வர்க்கம். 7 × 7 = 49. எனவே 49-ன் வர்க்கமூலம் 7.

சின்னப் பிள்ளைக்கும் இதை விளக்கலாம். 16 புளியங்கொட்டைகளை 4 வரிசையாக, வரிசைக்கு 4 வீதம் அடுக்கச் சொல்லுங்கள். சதுரம் வரும். பக்கத்தில் 4, கீழே 4, மூலையில் 1 வைத்தால் 5 வரிசைச் சதுரம். கூடியது 9, மொத்தம் 25.

இதையே திருப்பிச் செய்யலாம். 25-லிருந்து 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கழித்தால் ஐந்தாவது தடவை பூஜ்யம். ஆகவே மூலம் 5.

மனக்கணக்கு

நாலு இலக்க எண்ணுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. 1764-ஐ எடுத்துக் கொள்வோம். கடைசி இலக்கம் 4. எனவே மூலம் 2-ல் முடியும். இல்லாவிட்டால் 8-ல் முடியும். முன்னால் உள்ள 17, 16-க்கும் 25-க்கும் இடையில் இருக்கிறது. ஆகவே முதல் இலக்கம் 4.

மூலம் 42-ஆ, 48-ஆ? 4-ஐ அடுத்த எண்ணான 5-ஆல் பெருக்கினால் 20. 17 அதைவிடக் குறைவு. எனவே சிறியதே விடை: 42.

ஓர் எச்சரிக்கை: இது முழு வர்க்க எண்களுக்கு மட்டுமே பொருந்தும். 1784-க்கும் இப்படிச் செய்தால் 42 என்றே வரும். பெருக்கிப் பார்த்தால்தான் தவறு தெரியும். 2, 3, 7, 8-ல் முடியும் எண் எதுவும் முழு வர்க்கம் ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

தினம் பத்து நிமிடம் போதும். மின்சார ரயிலில் போகும்போதே கேட்கலாம். மிச்சமாவது டியூஷன் காசு மட்டுமல்ல. "எங்கப்பாவுக்குக் கணக்குத் தெரியும்" என்று பிள்ளை சொல்லுமே, அதற்கு விலை ஏது?

இன்றிரவே 7056-ன் மூலம் கேளுங்கள். விடை 84.