யாரும் மாட்ட விரும்பாத படம்!

ஒரு ஆபரேஷன் நடக்கிறது.

மேஜை மீது இளம் நோயாளி ஒருவர் படுத்திருக்கிறார். மயக்க மருந்தில் நனைத்த துணி முகத்தை மூடியிருக்கிறது. தொடையைக் கீறி, உள்ளே கெட்டுப்போன எலும்பை எடுக்கிறார்கள். நரைத்த தலையுடன் டாக்டர் சாமுவேல் கிராஸ் நிமிர்ந்து நிற்கிறார். கையில் கத்தி. கத்தியிலும் விரல்களிலும் ரத்தம்! சுற்றிலும் மாணவர்கள் அமர்ந்து பார்க்கிறார்கள். ஒரு பக்கம் ஒரு பெண், பார்க்கச் சகிக்காமல் கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். அவள் நோயாளியின் தாய் என்று சொல்வார்கள்.

இது படம்தான். 8 அடி உயரம், 6½ அடி அகலம். 1875-ம் ஆண்டு இதைத் தீட்டியவர் தாமஸ் ஏக்கின்ஸ். மாணவர் கூட்டத்தில் ஓர் ஓரமாகத் தன்னையும் வரைந்துகொண்டார்.

ஆசிரியர் மகன்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1844-ல் பிறந்தவர் ஏக்கின்ஸ். தந்தை, கையெழுத்து அழகாக எழுதக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியர். மகனை பாரீஸ் நகருக்கு அனுப்பி ஓவியம் படிக்க வைத்தார்.

மனிதனை வரைய வேண்டுமானால் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். இது ஏக்கின்சின் கொள்கை. அதற்காக மருத்துவக் கல்லூரிக்குப் போனார். பிணத்தை அறுத்துப் பாடம் நடத்துவதைக் கூடவே இருந்து படித்தார். அங்கே பேராசிரியராக இருந்தவர்தான் டாக்டர் கிராஸ். காலையே வெட்டி எடுத்துவந்த காலத்தில், கெட்ட எலும்பை மட்டும் நீக்கிக் காலைக் காப்பாற்றும் முறையை அவர் செய்து காட்டினார்.

ஆஸ்பத்திரியில் தொங்கியது

1876-ல் அமெரிக்கா சுதந்திரம் பெற்று 100 ஆண்டு ஆனது. பிலடெல்பியாவில் மாபெரும் பொருட்காட்சி. அதில் வைப்பதற்காகவே ஏக்கின்ஸ் இந்தப் படத்தைத் தீட்டினார். ஓவியக் கூடத்தில் மாட்ட நடுவர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் எங்கே தொங்கியது தெரியுமா? அதே பொருட்காட்சியில் ராணுவ ஆஸ்பத்திரியை மாதிரிக்குக் காட்டியிருந்தார்களே, அங்கே, கட்டில்களுக்குப் பக்கத்தில்!

பிறகு, 1878-ல் டாக்டர் கிராசின் மருத்துவக் கல்லூரிக்குப் படம் போய்ச் சேர்ந்தது. கிடைத்த விலை 200 டாலர்.

ஆனாலும் இந்தப் படம் அவருக்கு ஒரு நன்மை செய்தது. இதைப் பார்த்து வியந்த சூசன் மெக்டவல் என்ற பெண் அவரிடம் மாணவியாகச் சேர்ந்தார். 1884-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. சூசனும் நல்ல ஓவியர். கல்யாணத்துக்குப் பின் கணவருக்காகத் தன் தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிட்டார். கணவர் இறந்த பிறகுதான் மறுபடி நிறைய வரைந்தார்.

வேலை போனது

பென்சில்வேனியா ஓவியக் கல்லூரியில் ஏக்கின்ஸ் ஆசிரியர். 1886-ல் ஒரு நாள், மாணவிகள் இருந்த வகுப்பில், உடலின் அமைப்பை விளக்குவதற்காக, மாதிரிக்கு நின்ற ஆணின் இடுப்புத் துணியை அகற்றிவிட்டார். பெரும் புயல் கிளம்பியது. வேலையை ராஜினாமா செய்யும்படி ஆயிற்று.

அதன் பிறகு ஆட்களின் உருவப் படங்களையே அதிகம் வரைந்தார். களைப்பு, முதுமை, கவலை எல்லாவற்றையும் உள்ளபடி வரைவார். தங்களை அழகாகக் காட்டவில்லையே என்று சிலர் படத்தை வாங்கிக்கொள்ளாமலே போனார்கள். கவிஞர் வால்ட் விட்மனுக்கு மட்டும் தன் படம் மிகவும் பிடித்திருந்தது. 1916-ல் ஏக்கின்ஸ் காலமானார்.

6 கோடியே 80 லட்சம்!

2006-ல் மருத்துவப் பல்கலைக்கழகம் அந்த ஆபரேஷன் படத்தை விற்க முன்வந்தது. விலை 6 கோடியே 80 லட்சம் டாலர்! வெளியூர்க்காரர்கள் வாங்கத் தயார். உள்ளூர்க்காரர்கள் அதே பணத்தைக் கொடுத்தால் படம் ஊரிலேயே இருக்கும். கெடு 45 நாள்.

பிலடெல்பியா கொதித்து எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் நன்கொடை கொடுத்தார்கள். அப்படியும் பணம் போதவில்லை. நகரின் கலைக்கூடமும் பென்சில்வேனியா ஓவியக் கல்லூரியும் கூட்டாகக் கடன் வாங்கிப் படத்தை மீட்டன. ஆம், ஏக்கின்சை வெளியேற்றிய அதே கல்லூரிதான்! தன் பங்குப் பணத்துக்காக அது, 1897 முதல் தன்னிடம் இருந்த வேறொரு படத்தை விற்றது. செலோ வாத்தியம் வாசிக்கும் ஒருவரின் படம். அதுவும் ஏக்கின்ஸ் வரைந்ததே.