மௌன வேளையின் மின்னோட்டம்

வால்வு வானொலிப் பெட்டிகள் வீடுகளிலே வீற்றிருந்த காலத்தில், பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் ஒரு புதுமையை உணர்ந்திருப்பர். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்குமுன் நிலவும் மௌனத்திலும் பெட்டியின் வெப்பம் தணிவதில்லை. ஒலியே எழாத வேளையில் மின்சாரம் எங்கே செலவாகின்றது? வால்வின் இழையைச் சூடாக்குவதற்கு ஒரு பங்கு செல்லும் என்பது உண்மையே. ஆனால் அதனினும் பெரிய பங்கொன்று வேறு வழியிற் செல்கின்றது. அது வீண் செலவா, வேண்டிய செலவா என்ற வினாவிலேயே, ஒலி விரியலாக்கிகளை ‘ஏ’ வகுப்பு, ‘பீ’ வகுப்பு எனப் பிரிக்கும் முறையின் உட்பொருள் முழுவதும் அடங்கியுள்ளது.

விரியலாக்கி என்பது மெலிந்த மின்னலையைப் பெற்று, அதன் வடிவம் குலையாமல் வலிமை மிக்க அலையாக்கித் தரும் கருவியாகும். 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பொரஸ்ட் மூன்று மின்வாய்களைக் கொண்ட வால்வை அமைத்ததும் இக்கருவிக்கு வழி பிறந்தது. சூடேறிய கதோட்டிலிருந்து வெளிப்படும் எலத்திரன்கள் அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் நெய்யரி எனப்படும் கம்பி வலை நிற்கின்றது. நெய்யரிக்கு மறை அழுத்தத்தைக் கூட்டினால் ஓட்டம் குறையும். குறைத்தால் ஓட்டம் பெருகும். சிறிய அழுத்தம் பெரிய ஓட்டத்தை ஆள்வதே இங்குள்ள நுட்பம்.

இதனை வயலுக்கு நீர் விடும் மதகுக்கு ஒப்பிடலாம். மதகுப் பலகையை உயர்த்தவும் தாழ்த்தவும் ஒரு கை போதும். பாய்வதோ குளத்து நீர். இப்போது அந்த நீரோட்டம் ஓர் அலையைப் போல ஏறியும் இறங்கியும் பாய வேண்டும் எனக் கொள்வோமாயின், பலகை தொடக்கத்தில் எந்த நிலையில் இருத்தல் வேண்டும்? முற்றாக மூடியிருந்தால் ஏற்றத்தைக் காட்டலாம். இறக்கத்தைக் காட்ட இயலாது. மூடிய மதகை மேலும் மூட முடியாதன்றோ? ஆதலின் பலகை பாதியளவு திறந்தே நிற்றல் வேண்டும். அப்பொழுதுதான் ஏற்றத்துக்கு மேலே இடமும் இறக்கத்துக்குக் கீழே இடமும் இருக்கும்.

ஒலியும் இத்தகைய ஏற்ற இறக்கமே. ஆகவே ஒலியலை வருமுன்னரே நெய்யரிக்கு ஒரு நிலையான அழுத்தத்தைக் கொடுத்து வைக்கின்றனர். இதனைக் ‘கோடல்’ என்பர். அக்கோடலால், ஒலி இல்லாத வேளையிலும் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டமே ‘ஓய்வு மின்னோட்டம்’ ஆகும். விரியலாக்கியின் வகுப்பைத் தீர்மானிப்பது இவ்வோட்டத்தின் அளவே.

முதலில் ‘ஏ’ வகுப்பு. அலையின் ஏற்றம் இறக்கம் இரண்டிலும், ஒரு கணமேனும் ஓட்டம் அறுந்துவிடாதபடி ஓய்வு மின்னோட்டத்தைப் போதிய அளவு வைப்பது இதன் இலக்கணம். 1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய வானொலிப் பெட்டிகளிற் பெரிதும் பயன்பட்ட ‘ஈ.எல். 84’ என்னும் வால்வை இதற்கு எடுத்துக் காட்டலாம். அனோட்டுக்கு 250 வோல்ற்றும் நெய்யரிக்கு மறை 7.3 வோல்ற்றும் கொடுக்கும்போது அதன் ஓய்வு மின்னோட்டம் 48 மில்லியம்பியர் ஆகும். இரண்டையும் பெருக்கினால் 12 உவாற்று வரும். இவ்வாறு அமைத்த ஒரு வால்விலிருந்து பெறக்கூடிய உச்ச ஒலிவலு 5.7 உவாற்று மட்டுமே. இதன் இழையோ ஏறத்தாழ 4.8 உவாற்றையே உண்கின்றது.

இங்கே வியப்புக்குரிய ஒன்று உண்டு. ‘ஏ’ வகுப்பில் மின்கலத்திலிருந்தோ மின்வழங்கியிலிருந்தோ எடுக்கப்படும் சராசரி ஓட்டம், ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றே. இசை எழும்போது அவ்வலுவில் ஒரு பகுதி ஒலிபெருக்கிக்குச் செல்கின்றது. இசை ஓய்ந்தால் 12 உவாற்றும் வால்வின் அனோட்டிலேயே வெப்பமாகின்றது. எனவே இவ்வகை விரியலாக்கி உரத்துப் பாடும்போதன்றி, வாய் மூடியிருக்கும்போதே மிகுதியாகச் சூடேறுகின்றது. மௌன வேளையின் வெப்பத்துக்குக் காரணம் இதுவே. கணக்கின்படி, நிலைமாற்றி வழியாக ஒலிபெருக்கியை இணைத்த ‘ஏ’ வகுப்பு அமைப்பின் வினைத்திறன் எந்நாளும் நூற்றுக்கு 50 வீதத்தைத் தாண்டாது.

இச்செலவைக் குறைக்க எழுந்ததே ‘பீ’ வகுப்பு. இதில் ஒரு வால்வு போதாது, இரண்டு வேண்டும். மீண்டும் மதகையே நினைத்துப் பார்க்கலாம். இரண்டு மதகுகளையும் ஏறத்தாழ மூடி வைத்து, அலையின் ஏற்றத்தை ஒரு மதகிடமும் இறக்கத்தை மற்றதனிடமும் ஒப்படைத்தால், ஓய்வு வேளையில் நீர் வீணாவதில்லை. பெரிய மரத்தை இருவர் எதிரெதிரே நின்று வாளால் அரியும்போது ஒருவர் இழுக்க மற்றவர் ஓய்வதைப் போல, இரு வால்வுகளும் மாறி மாறித் தொழில் புரிகின்றன. ‘தள்ளிழு’ முறை என்பது இதன் பெயர். இவ்வகுப்பின் உச்ச வினைத்திறன், கணக்களவில் நூற்றுக்கு 78.5 வீதம்.

அதே ‘ஈ.எல். 84’ வால்வுகள் இரண்டை 300 வோல்ற்றில் வைத்து, நெய்யரிக்கு மறை 14.7 வோல்ற்றுக் கோடல் கொடுத்தால், ஓய்வு வேளையில் ஒவ்வொன்றிலும் 7.5 மில்லியம்பியரே ஓடும். இரண்டுக்கும் சேர்த்து ஓய்வுச் செலவு 4.5 உவாற்று. உச்ச ஒலியில் ஒவ்வொன்றின் ஓட்டமும் 46 மில்லியம்பியராக உயர, 17 உவாற்று ஒலிவலு கிடைக்கின்றது. வால்வு மாறவில்லை, நெய்யரியின் கோடல் மாறியது, அதனோடு வகுப்பும் மாறியது.

அப்படியாயின் எல்லா விரியலாக்கிகளையும் ‘பீ’ வகுப்பிலேயே அமைத்துவிடலாமே எனத் தோன்றும். தடை ஒன்று உண்டு. வேலையை ஒருவர் விட்டு மற்றவர் ஏற்கும் அந்தக் கணமே இடர் மிக்கது. மூடியிருக்கும் மதகுப் பலகை முதலில் சற்று இறுகி நின்று, பின்னரே அசையும். அதுபோல, ஓட்டம் அற்ற நிலையிலிருந்து தொடங்கும் வால்வும் திரான்சிற்றரும் அலையின் தொடக்கத்தைச் செவ்வையாகப் பின்பற்றுவதில்லை. முன்னவர் கைவிட்டதற்கும் பின்னவர் பற்றியதற்கும் இடையே அலை சிதைகின்றது. இச்சிதைவைக் ‘கடப்புத் திரிபு’ எனலாம்.

உரத்த ஒலியில் இத்திரிபு அலையின் சிறு கூறாகவே இருப்பதால் செவிக்கு எளிதில் எட்டாது. மெல்லிய ஒலியிலோ அலை முழுவதுமே அந்தச் சிதைந்த பகுதிக்குள் அடங்கிவிடக்கூடும். நாகசுரத்தின் உச்ச முழக்கம் நன்றாகக் கேட்கும். ஆலாபனை தேய்ந்து அடங்கும் இடமும், இரவில் அயலவரின் உறக்கம் கெடாமல் தாழ்த்தி வைத்துக் கேட்கும் செய்தியும் கரகரக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடித்ததன் விலையை நுண்மையான ஒலியே கொடுக்க நேர்கின்றது.

இரண்டுக்கும் இடையில் நிற்பது ‘ஏபீ’ வகுப்பு. இரு மதகுகளையும் முற்றாக மூடாமல் ஓரளவு திறந்து வைப்பது இதன் முறை. மெல்லிய ஒலியில் இரு வால்வுகளும் ஒருங்கே உழைக்கின்றன; கைமாற்றம் நிகழ்வதில்லை. உரத்த ஒலியில் மட்டும் ஒன்று ஓய்கின்றது. முன்னர் கூறிய இரு வால்வுகளை அதே 300 வோல்ற்றில் ‘ஏபீ’ வகுப்பாக அமைக்கும்போது ஓய்வு மின்னோட்டம் ஒவ்வொன்றுக்கும் 36 மில்லியம்பியர். ஓய்வுச் செலவு 21.6 உவாற்று. கிடைக்கும் உச்ச ஒலிவலு அதே 17 உவாற்றுத்தான். மிகையாகச் செலவாகும் 17.1 உவாற்று, கைமாறும் இடத்தைச் செப்பனிடுவதற்குக் கொடுக்கும் கூலி என்று கொள்ளலாம்.

‘சீ’ வகுப்பு என்று ஒன்றும் உண்டு. அதில் அலையின் பாதியளவுகூட ஓட்டம் நிகழாது. ஒலிக்கு அது ஒவ்வாது. வானொலி நிலையங்களின் ஒலிபரப்பிகளில், அதிர்வெண்ணுக்கு இசைவித்த சுற்றுகளோடு சேர்ந்து அது பயன்பட்டு வந்துள்ளது.

1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் தோன்றிய பின், இக்கணக்கு மின்கலத்தை நம்பிய எளிய வீடுகளின் கணக்காயிற்று. 1954ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ‘ரீஜன்சி’ சட்டைப்பை வானொலியில் நான்கே திரான்சிற்றர்கள். ஒலிபெருக்கியை இயக்கியது ஒன்றே. தனித்து நின்றமையால் அது ‘ஏ’ வகுப்பிலேயே இயங்க வேண்டியதாயிற்று. பின்னர் வந்த பெட்டிகள் பலவற்றில் ‘ஓ.சி. 72’ போன்ற சேர்மானியத் திரான்சிற்றர்கள் இரண்டிரண்டாக, ‘பீ’ வகுப்புக்கு மிக அணித்தாக, சிறிதளவு ஓய்வு மின்னோட்டத்தோடு இயங்கின. ஒலி தாழ்ந்திருக்கும்போது மின்கலமும் சிக்கனமாகச் செலவாயிற்று.

எனினும் அச்சிறிதளவைக் காப்பது எளிதன்று. வெப்பம் ஏறினால் திரான்சிற்றரின் ஓட்டம் தானாகவே பெருகும். பெருகிய ஓட்டம் மேலும் வெப்பத்தை உண்டாக்கும். காவல் இல்லாவிடின் ஈற்றில் திரான்சிற்றரே அழிந்துபோகும். இதனைத் தடுக்க, வெப்பம் ஏறத் தன் தடை குறைந்து கோடலையும் குறைக்கும் ஒரு தடையியைச் சுற்றிலே சேர்த்தனர். மறுபுறம், மின்கலம் தேயத் தேயக் கோடலும் குறைந்து, ஓய்வு மின்னோட்டம் அற்றுப்போய்க் கடப்புத் திரிபு தலைகாட்டும். மின்கலம் தளர்ந்த பெட்டியில் தாழ்ந்த குரல் கரகரப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்நாளிற் கையடக்கக் கருவிகள் பலவற்றில் ‘டீ’ வகுப்பு இடம்பெற்றுள்ளது. அது மதகைச் சிறிது சிறிதாக அசைக்காமல், மிக விரைவாக முழுதும் திறந்தும் முழுதும் மூடியும் அலையை ஆக்கும் வேறொரு வழி. ஆயினும் ‘ஏபீ’ விரியலாக்கிகள் வழக்கொழிந்துவிடவில்லை. அவற்றைப் பழுதுபார்ப்போர் திரான்சிற்றரை மாற்றிய பின், ஒலியை அடக்கி வைத்து ஓய்வு மின்னோட்டத்தை அளந்து சரிசெய்வது இன்றும் வழக்கம். ஒரு விரியலாக்கி பாடும்போது எவ்வாறு பாடும் என்பதை, அது பேசாதிருக்கும்போதே அளந்து அறிந்துகொள்ளலாம்.