மழை வந்தால் மணக்கும் சுவர்

2006 ஏப்ரல் 12 ஆம் திகதி திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து நகரில் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அன்று முன்னறை எரிந்த ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். கூரை திருத்தியாகிவிட்டது. அறை மட்டும் பூட்டியே கிடந்தது. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருவதால் இப்போது அந்த அறை தேவைப்படுகிறது.

“மூண்டு தரம் வெள்ளையடிச்சும் மஞ்சளாக் கசியுது பிள்ளை. மழை வந்தா அண்டைக்கு எரிஞ்ச மாதிரியே மணக்கும். இந்த அறைக்கு விமோசனம் இல்லைப் போல” என்றார் அந்த அம்மா.

சகோதரிகளே, இதில் சாபமும் இல்லை, தோஷமும் இல்லை. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. புகையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கும் தாரும் அவற்றுக்குள் ஊறியிருக்கும். காற்றில் ஈரம் கூடும்போது மணம் கிளம்பும். பிசுக்கை எடுக்காமல் மேலே பூசினால் வெள்ளை சரியாகப் பிடிக்காது. கறையும் ஊறி வெளியே வந்துவிடும். அந்த அம்மாவின் மூன்று பூச்சும் வீணானது இதனால்தான்.

வேலையைத் தொடங்குமுன் சுவரைப் படம் எடுத்து வையுங்கள். கிராம அலுவலரிடமும் காட்டுங்கள். இழப்பீட்டு விண்ணப்பம் முடியாதவர்களுக்குக் கழுவிய சுவர் சாட்சி சொல்லாது. எரிந்த கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால், உடைந்த துண்டுகளை நனைக்காமல் தொடவோ கூட்டவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு.

முதலில் தண்ணீர் படக்கூடாது. நாம் எல்லோரும் விடும் பிழை இதுதான். ஈரம் பட்டால் கரி குழைந்து சுவருக்குள் இன்னும் இறங்கும். யன்னல்களைத் திறந்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, மென்மையான தும்புத்தடியால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். மிஞ்சும் கரியை, உப்பிட்டு இறுக்கமாகப் பிசைந்த கோதுமை மா உருண்டையால் ஒற்றி எடுக்கலாம். முன்பள்ளிப் பிள்ளைகள் உருட்டி விளையாடும் ‘பிளே-டோ’ களி கூட, அமெரிக்காவில் சுவர்த்தாளில் படிந்த நிலக்கரிப் புகையைத் துடைக்கச் செய்யப்பட்டதுதான். 1956 அளவில்தான் அது விளையாட்டுப் பொருளாயிற்று. மா விற்கும் விலையில் முழுச் சுவருக்கும் கட்டாது. கறை தடித்த இடத்துக்குப் போதும்.

அதன்பின் பழைய வெள்ளைப் பூச்சைச் சாந்து தெரியும்வரை சுரண்ட வேண்டும். முதுகு முறியும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்க முடியாது. பிறகு இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரத் தூள் கரைத்துக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் வழிந்து கோடு விழும். நல்ல தண்ணீரால் அலசும்போது மேலிருந்து கீழே வரலாம். தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் வேண்டாம். புளிப்பு சுண்ணாம்பை அரிக்கும். வினாகிரியைக் குளோரினுடன் கலப்பது அதைவிட ஆபத்து, நச்சு வாயு கிளம்பும்.

சுவர் நன்றாகக் காய வேண்டும். வாடைக் காலத்தில் இதைத் தொடங்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களே நமக்கு வசதி. காய்ந்தபின் சுவரை இலேசாக நனைத்து, நீர்த்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சாகப் பலமுறை அடியுங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீமெந்துச் சுவரென்றால் கறை மறைக்கும் எண்ணெய்ப் பிறைமர் பூசி, அதன்மேல் பெயின்ற் அடிக்கலாம். 2022 இல் காஸ் தட்டுப்பாட்டின்போது விறகடுப்பு மூட்டிக் கறுத்த குசினிகளுக்கும் இதே முறைதான்.

அந்த வீட்டில் ஒழுங்கையிலுள்ள நான்கு பெண்கள் சேர்ந்து மூன்று நாளில் சுரண்டி முடித்தார்கள். முதல் நாள் அம்மா அறைக்குள் வரவில்லை. வாசலில் இருந்து தேத்தண்ணி மட்டும் தந்தார். மூன்றாம் நாள் வாளியைத் தானே தூக்கினார். யன்னலுக்கு மேலே ஒரு கையகலம் மஞ்சள் இன்னும் கசிகிறது. அந்த இடத்துச் சாந்தை உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். மேசன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.